இருபத்தேழு வருஷத்துச் சிவப்பு ஒயின்

பிப்ரவரி 9

அன்புள்ள மூக்குக்காரிக்கு,

நான் நலம். நீ நலம் என்று நம் பெண் சொன்னாள். போனில் பேசலாம் என்று எடுத்தேன், வைத்துவிட்டேன். நாம் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே குரல் ஏறிவிடுகிறது. கடிதம் என்றால் கோபம் வரும்போது பேனாவை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நமக்குக் கல்யாணமான வருஷம் பிரான்சில் போர்தோ பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தோமே, நான் அறுவடைக்காரர்களுக்குச் சமைத்தேன், நீ பீப்பாய் கழுவினாய். கிளம்பும்போது தோட்டக்காரப் பெரியவர் அந்த வருஷத்து ஒயினில் ஒட்டிக்கொள்ளச் சொல்லி ஒரு லேபிளைத் தன் கையாலேயே எழுதித் தந்தார். ஒயின் தயாரானதும் ஒரு பாட்டிலை நமக்கு அனுப்பச் சொல்லி வீட்டில் சொல்லியிருந்தார். அது வந்து சேரும் முன்பே அவர் போய்விட்டார். இதெல்லாம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவருடைய மகள்தான் இப்போது தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். நேற்று அந்த அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. அது அவர் அப்பாவின் கடைசி அறுவடையாம். அந்த வருஷம் பனி விழுந்து பாதிக் கொடி கருகிப்போனது. மிச்சத்தைப் பெரியவர் மிகவும் தாமதமாகப் பறித்தார், வயசாகிப் புத்தி தடுமாறிவிட்டது, ஒயின் வீணாகிவிட்டது என்று அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் பேசியிருக்கிறார்கள். இருந்த கொஞ்சத்தையும் வீட்டார் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அவர்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அப்பா உண்மையிலேயே தோற்றுப்போனாரா என்று ஒரு தடவை குடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். "உங்களிடம் அந்த பாட்டில் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். மார்ச் மாதம் ஒரு வணிகக் கண்காட்சிக்காக நம் ஊருக்கு வருகிறார்.

மாடிப்படிக்கு அடியில் போய்ப் பார்த்தேன். நீ படுக்கவைத்த மாதிரியே படுத்திருக்கிறது. நான் தொடவில்லை.

மார்ச் 14, திங்கட்கிழமை, கடைக்கு விடுமுறை. அன்று மதியம் சாப்பிட வரச் சொல்லிவிட்டேன். நான் சமைக்கிறேன். பாட்டிலைத் திறக்க நீ வரவேண்டும். எனக்குத் தெரிந்த ஒயின் அறிவு சட்டியில் எவ்வளவு ஊற்றுவது என்பதோடு முடிந்துவிடுகிறது.

வருவாய் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
கரண்டி


பிப்ரவரி 15

உணவக உரிமையாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அந்த பாட்டில் இன்னும் இருக்கிறது என்று படித்ததும் கொஞ்ச நேரம் எனக்கு வேலை ஓடவில்லை. நீங்கள் எப்போதோ ஒரு குழம்பில் கவிழ்த்திருப்பீர்கள் என்றுதான் நான்கு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அளவுக்கு உங்களுக்கு நல்ல மதிப்பெண் போடுகிறேன்.

14ஆம் தேதி என்னால் வர முடியாது. எனக்கு இங்கே வேலை இருக்கிறது. சாக்குப்போக்கு இல்லை, நிஜமாகவே வேலை.

வேலை இல்லாவிட்டாலும் நான் யாராக வருவது என்பதையும் யோசித்துப் பார்த்தேன். மேசையெல்லாம் நிரம்பியிருந்த ஒரு மதியம், பணியாளர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, "ஜனங்க சாப்பாட்டுக்குத்தான் வர்றாங்க, ஒயின் தொண்டைய நனைக்கத்தான்" என்று சொன்னவர் நீங்கள். நான் தட்டை வைத்துவிட்டு வந்தேன். இங்கே இந்த விடுதியில், எழுபது மேசை உள்ள சாப்பாட்டறையில் நான் சொன்ன பிறகுதான் விருந்தாளி சாப்பாட்டையே தேர்ந்தெடுக்கிறார். சந்தோஷமாக இருக்கிறேன்.

ஆனால் நம் சண்டைக்கும் அந்த பாட்டிலுக்கும் சம்பந்தமில்லை. அதற்கு நியாயம் செய்ய வேண்டும். ஆகவே செய்ய வேண்டியதை எழுதுகிறேன். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், பாட்டிலைக் குலுக்காமல் மெதுவாக நிமிர்த்தி, கழுத்தில் ஒயின் எதுவரை நிற்கிறது என்று பார்த்துவிட்டு, மறுபடி படுக்கவைத்துவிடுங்கள். கழுத்துக்குள்ளேயே இருந்தால் நல்லது. தோள்பட்டையின் மேல்பகுதிவரை இறங்கியிருந்தாலும் பயமில்லை. அதற்கும் கீழே என்றால் காற்று உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். தக்கை மூடியைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு: ஆட்டுக் கால், தொடைப்பகுதி, வெறும் உப்பு, அடுப்பில் வாட்டி எடுத்தது. சாறு வேண்டாம், மிளகாய் வேண்டாம், வினிகரைப் பக்கத்தில் கொண்டுவரவே வேண்டாம். உங்கள் திறமையைக் காட்டுகிற நாள் அது இல்லை.

இப்படிக்கு,
ஒயின் பொறுப்பாளர்


பிப்ரவரி 21

மதிப்புக்குரிய ஒயின் பொறுப்பாளர் அவர்களுக்கு,

டார்ச் அடித்துப் பார்த்தேன். தோள்பட்டைக்குக் கொஞ்சம் மேலே, கழுத்து ஆரம்பிக்கிற இடத்தில் நிற்கிறது. கசிவு இல்லை. மூடியின் மேல் கறுப்பாக ஒரு பூசணம். துடைக்கவில்லை, நீ திட்டுவாய் என்று.

நீ வரமாட்டாய் என்று படித்ததும் பேனாவை வைத்துவிட்டு இரண்டு கிலோ வெங்காயம் நறுக்கினேன். இன்றைக்குத்தான் மறுபடி எடுத்தேன். சந்தோஷமாக இருக்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். நல்லது. நானும் அப்படித்தான் இருக்கிறேன். கடை நிரம்புகிறது. நம் பெண் வாரம் ஒரு தடவை போன் செய்து, "அம்மாவும் சந்தோஷமா இருக்காங்களாம், நீங்களும் சந்தோஷமா இருக்கீங்களாம், எனக்குத்தான் காதுல ரத்தம் வருது" என்கிறாள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வெறும் உப்புப் போட்டு வாட்டிய கால் என்றால் அதற்கு நான் எதற்கு? அடுப்பு போதுமே. அந்த அம்மா இவ்வளவு தூரம் வருகிறார். இந்தக் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மிளகு தடவி, வினிகரும் வெல்லமும் சுண்டக் காய்ச்சிப் பூசின விலா எலும்பு. அதைத் தின்ன ஜனங்கள் வாசலில் நிற்கிறார்கள். அதைத்தான் வைப்பதாக இருக்கிறேன். ஒரு பாட்டிலுக்காக என் சாப்பாடு கைகட்டி ஓரமாக நிற்க வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை.

புரியும்படி சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். சொல்லாமல் உத்தரவு போட்டால் விலாதான்.

இப்படிக்கு,
கரண்டி


பிப்ரவரி 26

கரண்டியாருக்கு,

"புரியும்படி சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்" என்ற வரியை நான் இரண்டு தடவை படித்தேன். இருபது வருஷம் ஒரே கூரையின் கீழ் இந்த வரியை நான் கேட்டதே இல்லை. அதனால் பொறுமையாகவே சொல்கிறேன்.

புது ஒயினை நீங்கள் குடித்திருக்கிறீர்கள். கட்டித் தேநீர் மாதிரி ஈறையெல்லாம் பிடித்து இழுக்கும். அந்தத் துவர்ப்பு திராட்சைத் தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் வருவது. கொழுப்புக் கறியோடு குடித்தால் கொழுப்பு அந்தத் துவர்ப்பை மழுக்கும், துவர்ப்பு கொழுப்பைக் கழுவும். அதனால்தான் உங்கள் விலாவோடு முரட்டு ஒயினை நான் வைப்பேன். இரண்டும் மல்லுக்கட்டும், பார்க்க நன்றாக இருக்கும்.

வருஷம் போகப் போக அந்தத் துவர்ப்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கனத்து, வண்டலாகக் கீழே படிந்துவிடும். நிறமும் அதோடு போகும். கருஞ்சிவப்பாக இருந்தது ஓரத்தில் செங்கல் நிறமாகும். பழ வாசனை அடங்கி, அதற்குக் கீழே இவ்வளவு நாளும் ஒளிந்திருந்த வாசனைகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். அவை சத்தம் போடாது. பக்கத்தில் போய்க் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் உங்கள் விலா உட்கார்ந்துகொண்டு மிளகும் வினிகருமாகக் கத்தினால் விருந்தாளிக்கு என்ன கேட்கும்? மிளகின் காரம் ஒயினில் உள்ள சாராய எரிச்சலைக் கூட்டிவிடும். வெல்லத்தின் இனிப்பு ஒயினைப் புளிப்பாகக் காட்டும். அந்தப் பெரியவர் பனியோடு போராடிக் காப்பாற்றிய ஒயினை, அவர் மகள் முன்னாலேயே, நாம் வாயடைக்கிற மாதிரி ஆகிவிடும்.

என் பேச்சை நம்ப வேண்டாம். பழைய சிவப்பு ஒயின் ஒன்று, பதினைந்து வருஷமாவது ஆனது, வாங்கி வந்து உங்கள் விலாவோடு நீங்களே குடித்துப் பாருங்கள். உங்கள் நாக்கு பொய் சொல்லாது. அந்த ஒன்றை மட்டும் நான் எப்போதும் நம்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மூக்குக்காரி

பின்குறிப்பு: பூசணத்தைத் துடைக்காமல் விட்டது சரி. அது நல்ல பூசணம். திறக்கும் அன்று ஈரத் துணியால் துடைத்தால் போதும்.


மார்ச் 4

அன்புள்ள மூக்குக்காரிக்கு,

வாங்கிப் பார்த்தேன். விலாவைக் கடித்துவிட்டு ஒரு வாய் குடித்தேன். துருப்பிடித்த குழாயில் வாய் வைத்த மாதிரி இருந்தது. மறுபடி கடித்து, மறுபடி குடித்தேன், அதேதான். பரிமாறுகிற பெண்ணைக் கூப்பிட்டுக் குடிக்கச் சொன்னேன். "இந்த ஒயின் கெட்டுப்போச்சுங்க" என்றாள். வாயைக் கொப்பளித்துவிட்டு ரொட்டித் துண்டோடு வெறுமனே குடித்தால், அதே ஒயின், அவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆகவே விலா இல்லை. நீ சொன்னது சரி. இந்த வரியைப் பத்திரமாக வைத்துக்கொள், அடிக்கடி கிடைக்காது.

ஆனால் நீ சொன்ன ஆட்டுக் காலையும் வாட்டி, அதோடும் குடித்துப் பார்த்தேன். அதுவும் சரியில்லை. இது என் துறை, கொஞ்சம் கேள். வாட்டிய காலைப் பத்துத் தடவை மெல்ல வேண்டியிருக்கிறது. அதற்குள் வாயிலிருந்த ஒயின் காணாமல் போய்விடுகிறது. துவர்ப்பு போய்விட்டது, படிந்துவிட்டது என்று நீதானே எழுதினாய். அப்படியானால் அது பல் விழுந்த ஒயின். பல் விழுந்தவருக்கு எதற்கு மெல்லுகிற கறியை வைக்கிறாய்?

நான் வைக்கப் போவது தோள்கறி. காலையிலேயே மூடி போட்டு, அடுப்பைச் சிறிதாக வைத்து, கரண்டி பட்டால் எலும்பை விட்டு விலகுகிற வரைக்கும். கூடவே வெள்ளை மொச்சையும் காளானும். அந்தக் கறியிலிருந்து வடிந்த சாறு, வேறு எதுவும் சேர்க்காமல். அறுவடைக்காரர்களுக்கு அங்கே நான் செய்து போட்டது இதுதான். பெரியவர் ரொட்டியால் தட்டைத் துடைத்து, மறுபடி தட்டை நீட்டுவார். மிளகாய் கிடையாது, வினிகர் கிடையாது. ஆனால் சாறு உண்டு. இதில் நீ தலையிடாதே.

பழைய பாட்டில்களை வாங்கிவந்து மூடி திறந்து பழகுகிறேன். இதுவரை இரண்டு மூடியை உடைத்தாகிவிட்டது. கடையில் எல்லாரும் உற்சாகமாகப் பார்க்கிறார்கள்.

இப்படிக்கு,
கரண்டி


மார்ச் 8

கரண்டியாருக்கு,

சாறு அந்த ஒயினை மூழ்கடித்துவிடும். மொச்சையின் மாவு நாக்கில் பூசிக்கொள்ளும். நான் எவ்வளவோ மேசைகளில் பார்த்துவிட்டேன். ஆனால் "தலையிடாதே" என்று எழுதிவிட்டீர்கள். உங்கள் அடுப்பு, உங்கள் சட்டி. எப்படியோ செய்துகொள்ளுங்கள்.

என் துறையை மட்டும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலை பாட்டிலை மெதுவாக நிமிர்த்தி, குளிர்ந்த இருட்டான இடத்தில் நிற்கவைத்துவிடுங்கள். வண்டல் அடியில் இறங்கட்டும். திருகு ஆணியைத் தொடாதீர்கள், மூடி பொடியாகிவிடும். மெல்லிய தகடு இரண்டு உள்ள திறப்பானை மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே, ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று ஆட்டி ஆட்டி இறக்கி, திருகிக்கொண்டே மேலே தூக்குங்கள். உங்கள் கைக்கு அது வரும். மீன் முள் எடுக்கிற கைதானே.

முன்கூட்டியே திறந்து வைக்காதீர்கள். விருந்தாளி உட்கார்ந்த பிறகு திறந்தால் போதும். வெளிச்சத்துக்கு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி அதன் மேலே பாட்டில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரே சீராகக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றுங்கள். கழுத்தில் கறுப்பாகப் புகை மாதிரி வண்டல் வந்ததும் நிறுத்திவிடுங்கள். கொஞ்சம் வீணாகும், போகட்டும்.

முதலில் முகரும்போது ஒன்றும் வராமல் போகலாம். பூட்டிக்கிடந்த அலமாரி மாதிரி கூட இருக்கலாம். பயந்துவிடாதீர்கள், எதுவும் பேசவும் வேண்டாம். அதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் அது செத்துப்போய்விட்டது. அந்த அம்மாவிடம் அதை நேராகச் சொல்லிவிடுங்கள். நன்றாக இருக்கிறது என்று மட்டும் பொய் சொல்லாதீர்கள். அவர் ஒயின்காரர், அவருக்குத் தெரிந்துவிடும்.

உயிரோடு இருந்தாலும் நெடுநேரம் நிற்காது. இருக்கிறவரை கவனியுங்கள்.

மூக்குக்காரி


மார்ச் 15

அன்புள்ள மூக்குக்காரிக்கு,

நேற்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். நிதானமாக உட்கார்ந்து படி.

பன்னிரண்டரை மணிக்கு அந்த அம்மா வந்தார். நம் வயசுதான். கையைக் குலுக்கியபோது தோட்டக்காரக் கை என்று தெரிந்தது. விரலெல்லாம் கொடி கத்தரித்த வெட்டுத் தழும்பு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை, நேரே சமையலறைக்குள் வந்து சட்டி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது எனக்குத் தெரியும்" என்றார். அறுவடை நாட்களில் பெரியவரைப் பார்க்க வந்தபோது சாப்பிட்டிருக்கிறாராம். உன்னைக் கேட்டார். வேலை இருக்கிறது என்றேன்.

ஜன்னல் ஓரத்து மேசை ஒன்றுக்கு மட்டும் துணி விரித்திருந்தேன். பாட்டிலைக் கொண்டுவந்து வைத்ததும் அவர் அதைத் தொடவில்லை. லேபிளில் இருந்த அப்பாவின் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ சொன்ன மாதிரி ஈரத் துணியால் துடைத்தேன். தகடுகளை இறக்கினேன். பாதி மூடி வந்தது, பாதி உள்ளே நின்றுவிட்டது. மறுபடி இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினேன். மிச்சமும் வந்துவிட்டது, ஒரு துணுக்குகூட உள்ளே விழவில்லை. நீ பார்த்திருக்க வேண்டும்.

மெழுகுவர்த்தி மேல் பிடித்து ஊற்றினேன். புகை வந்ததும் நிறுத்தினேன். அவர் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார், கீழே வைத்தார். முகம் விழுந்துவிட்டது. நானும் முகர்ந்தேன். பூட்டின அலமாரிதான். ஈரச் சுவர் வாசனை. வேறு ஒன்றுமில்லை. ஏதாவது பேசத் தோன்றியது. பேசக்கூடாது என்று நீ எழுதியிருந்ததால் எழுந்துபோய்த் தோள்கறியை எடுத்துவந்தேன்.

தட்டோடு திரும்பி வந்தபோது அவர் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "வாங்க, இப்ப பாருங்க" என்றார்.

நீ அங்கே இல்லாததால் அது எப்படி இருந்தது என்று எழுதுகிறேன். ஒயின்காரர்கள் பேசுகிற பாஷை எனக்கு வராது. சமையற்காரன் பாஷையில் சொல்கிறேன். காளானை வாணலியில் போட்டால் முதலில் தண்ணீர் விடும், அது சுண்டும், நிறம் மாறப்போகிற நேரத்தில் ஒரு வாசனை வரும் பார், அது முதலில் வந்தது. பிறகு மழை விட்ட மரத்தடியில் காய்ந்த இலையைப் புரட்டின மாதிரி. அது போய், ஊறவைத்த உலர்ந்த பழம், இனிப்பு இல்லாமல் வாசனை மட்டும். அதற்கும் பின்னால், தச்சன் பட்டறையில் பென்சில் சீவினது மாதிரி மரம். வாயில் வைத்தபோது தண்ணீர் மாதிரி லேசாக இருந்தது, ஏமாந்துவிட்டேன். விழுங்கிய பிறகுதான் ஆரம்பித்தது. நாக்கின் இரண்டு பக்கத்திலும் மெதுவான ஒரு புளிப்பு. துவர்ப்பு எல்லாம் படிந்துவிட்டது என்று நீ எழுதினாய். இல்லை, கொஞ்சம் இருக்கிறது. பீச் பழத்தின் தோல் உதட்டில் படுகிற அளவுக்கு. கறியும் சாறும் ஒரு வாய், ஒயின் ஒரு வாய். சாறு அதை மூழ்கடிக்கவில்லை. சாறு உள்ளே போனதும் அந்த மர வாசனை இன்னும் எழுந்து நின்றது. பிறகு அந்தப் புளிப்பு வந்து சாற்றைத் துடைத்துவிட்டுப் போனது. அடுத்த வாய்க்கு நாக்கு தயார்.

அந்த அம்மா ரொட்டியால் தட்டைத் துடைத்தார். அவர் அப்பா மாதிரியே. துடைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, "தோத்துட்டார்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். எங்கப்பா தோக்கல" என்றார். அவர் அழவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். எனக்கு என்னவோ என் அப்பாவைப் பற்றிச் சொன்ன மாதிரி இருந்தது.

அரை மணி நேரம் நின்றது, கொஞ்சம் கூடவும் இருக்கலாம். பிறகு ஒவ்வொரு வாசனையாக எழுந்து போய்விட்டது. கடைசி வாயில் வெறும் புளிப்புதான்.

குடுவையில் இன்னும் கொஞ்சம் இருந்தபோதே, இவ்வளவு நாள் இதை யார் இப்படிப் பத்திரமாக வைத்திருந்தது என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரி. மூணு வீடு மாறினோம், மூணு தடவையும் அவ மடியிலதான் வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் சமையலறை சூடு படாத இடமா அவதான் பார்த்து வெச்சா" என்றேன். அவர் இன்னொரு கோப்பை கேட்டு, கொஞ்சம் ஊற்றி உனக்கு எடுத்து வைக்கலாமா என்றார். வைத்தால் நாளைக்குச் செத்துவிடும், அவள் குடிக்கமாட்டாள், நான் எழுதிக் காட்டுகிறேன் என்றேன். எழுதிவிட்டேன்.

நீ வந்திருக்க வேண்டும். குறை சொல்லவில்லை. அது உன் பாட்டில்.

அன்புடன்,
கரண்டி


மார்ச் 22

அன்புள்ள கரண்டியாருக்கு,

உங்கள் கடிதத்தை இங்கே ஒயின் அறையில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். நான் வருஷக்கணக்காக ஒயின் குறிப்பு எழுதுகிறேன். அடுத்தவர் குறிப்புகளையும் ஆயிரம் படித்திருப்பேன். ஒரு ஒயினை நான் குடிக்காமலேயே குடித்தது இதுதான் முதல் தடவை. பென்சில் சீவினது என்று எழுதினீர்களே, அதற்குச் சரியான பெயர் தேவதாரு. ஆனால் நான் அதைத் திருத்தப் போவதில்லை.

அன்று எனக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கவில்லை, நான் வீம்பு பிடிக்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். ஒயின் பரிசாரகர்களுக்கான உயர்நிலைத் தேர்வு. முகர்ந்தும் சுவைத்தும், லேபிளைப் பார்க்காமல், எந்தத் திராட்சை, எந்த நாடு, எத்தனை வயசு என்று சொல்ல வேண்டும். நடுவர்கள் எதிரில் உட்கார்ந்து, இதற்கு எந்தச் சாப்பாடு, ஏன் என்று குடைந்தெடுப்பார்கள். இரண்டு தடவை தோற்றிருக்கிறேன். நம் பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும். மூன்றாவது தடவையும் தோற்றால் அது உங்களுக்குத் தெரியக்கூடாது என்றுதான் எழுதவில்லை.

தேர்ச்சி பெற்றுவிட்டேன். இந்த விடுதியில் அந்தத் தேர்வில் தேறிய ஆள் இப்போது நான் ஒருத்திதான். கோட்டில் ஒரு சின்ன வெள்ளித் திராட்சைக் கொத்து குத்தியிருக்கிறார்கள். கண்ணாடியைக் கடக்கும்போதெல்லாம் பார்த்துக்கொள்கிறேன், வெட்கமே இல்லாமல்.

ஒன்று சொல்ல வேண்டும். நடுவர் ஒருவர் பழைய சிவப்பு ஒயின் ஒன்றைக் கொடுத்து, இதற்கு என்ன சாப்பாடு என்றார். வாட்டிய ஆட்டுக் கால் என்று சொல்ல வாயெடுத்தேன். பல் விழுந்தவருக்கு எதற்கு மெல்லுகிற கறி என்று எழுதியிருந்தீர்களே, அது குறுக்கே வந்து நின்றது. மூடி போட்டு மெதுவாக வேகவைத்த தோள், அதன் சாறு மட்டும் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டபோது, "எனக்குத் தெரிஞ்ச ஒரு சமையல்காரர். அவருக்கு ஒயினைப் பத்தி ஒண்ணும் தெரியாது. சாப்பாட்டப் பத்தித் தெரியாதது எதுவும் இல்ல" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

பிறகு இங்கே சமையலறையில் அதே மாதிரி செய்யச் சொல்லி, பழைய ஒயின் ஒன்றோடு நானும் சாப்பிட்டுப் பார்த்தேன். சாறு மூழ்கடிக்கவில்லை. நான் இவ்வளவு நாள் தப்பாகச் சொல்லிவந்தேன் என்று எழுதமாட்டேன். நீங்கள் சொன்னது சரி என்று எழுதுகிறேன், போதும்.

இன்னொன்று. நாம் கடை நடத்திய அத்தனை வருஷமும் நீங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தீர்கள். நான் முன்னால் இருந்தேன். நான் வேலை செய்து நீங்கள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஏப்ரல் முதல் வாரம் ஒரு மதியம் வாருங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு விருந்தாளியாக உட்காருங்கள். சமையலறைப் பக்கம் எட்டிப்பார்க்கக் கூடாது. யார் என்ன சமைத்தாலும் முகம் சுளிக்கக் கூடாது. நான் ஊற்றுகிறேன்.

அன்புடன்,
மூக்குக்காரி


ஏப்ரல் 7

அன்புள்ள மூக்குக்காரிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் எழுத ஆரம்பித்து, கை ஆடியதால் நிறுத்திவிட்டேன்.

நீ அந்த அறையில் நடந்து வருவதைப் பார்த்தேன். எந்த மேசைக்குப் போனாலும் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார்கள். ஜன்னல் ஓரத்தில் ஒரு வயதான தம்பதி இருந்தார்களே, மலிவான ஒயின் கேட்க வாய் கூசினார்கள். நீ குனிந்து ஏதோ சொன்னாய், இரண்டு பேரும் சிரித்து, அதன் பிறகு ராஜா ராணி மாதிரி உட்கார்ந்தார்கள். என்ன சொன்னாய்? எனக்குத் தெரிய வேண்டும். பாட்டிலைத் திறக்கும்போது உன் கையைப் பார்த்தேன். நான் நாள்கணக்கில் பழகியது உனக்கு மூச்சு விடுகிற மாதிரி. என் முறை வந்தபோது நீ என்னையும் ஒரு விருந்தாளி மாதிரியே நடத்தினாய். "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டாய். இத்தனை வருஷம் கழித்து என்னிடம் அதைக் கேட்கிறாளே என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

கறி கொஞ்சம் கூடுதலாக வெந்திருந்தது. நான் முகம் சுளிக்கவில்லை, நீயும் பார்த்தாய்.

நீ உள்ளே போயிருந்தபோது பக்கத்து மேசைக்காரர் என் பக்கம் சாய்ந்து, "அந்த அம்மாவ உங்களுக்குத் தெரியுமா? நான் அவங்களுக்காகவே இங்க வர்றேன்" என்றார்.

"நான் அவங்க வீட்டுக்காரர்" என்றேன்.

சொன்ன பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். நான்கு வருஷமாகத் தனித்தனியாக இருக்கிறோம். உன்னைக் கேட்காமல் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அந்த நேரத்தில் அந்த அறையிலேயே பெரிய ஆள் நான்தான் என்று தோன்றியது, வாய் முந்திக்கொண்டது. தப்பு என்றால் எழுது. அவருடைய முகவரியைத் தேடிப்பிடித்தாவது திருத்திச் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
கரண்டி


ஏப்ரல் 11

அன்புள்ளவருக்கு,

தேட வேண்டாம். நீங்கள் போன பிறகு அவரே என்னிடம் கேட்டார்: "அவர் உங்க வீட்டுக்காரராமே?" ஆமாம் என்றேன். நன்றாகச் சமைப்பார் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அந்த வயதான தம்பதியிடம் நான் என்ன சொன்னேன் என்பதைக் கடிதத்தில் எழுதமாட்டேன். நேரில் சொல்கிறேன். வருகிற திங்கட்கிழமை எனக்கு விடுமுறை, உங்களுக்கும் விடுமுறை. காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வாருங்கள். வரும்போது சட்டியில் எதையும் ஏற்றிவைத்துவிட்டு வராதீர்கள். நானும் பாட்டில் எதுவும் கொண்டுவரவில்லை. எங்காவது ஒரு கடையில் போய் உட்காருவோம். யாராவது சமைக்கட்டும், யாராவது ஊற்றட்டும், நாம் சாப்பிடுவோம்.

உங்கள்,
மூக்குக்காரி